பார்வையாளரின் நதி: ஐரோப்பியச் சொகுசுக் கப்பல் பயணத்தை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

நான் ஐரோப்பாவுக்குப் போனதில்லை. ரைன் நதியையோ டான்யூபையோ கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் ஆம்ஸ்டர்டாமில் கிளம்பி புடாபெஸ்டில் முடியும் பதினைந்து நாள் கப்பல் பயணம் ஒன்றை நாள் நாளாக, வேளை வேளையாகத் தமிழில் எழுதியிருக்கிறேன். பயண நிறுவனம் ஒன்று தன் விளம்பரக் கையேட்டைத் தமிழாக்கித் தரச் சொன்னது. சொல்லுக்கு ஒரு ரூபாய். தமிழ் எம்.ஏ. படித்துவிட்டு விமர்சனம் எழுதிக்கொண்டிருப்பவனுக்கு வேறு எதில் அப்படிக் காசு வரும்? ஒத்துக்கொண்டேன். அந்தக் கப்பலில் ஒருவர் போய்வர ஆகும் செலவு என்னுடைய இரண்டு வருட வருமானத்தைவிட அதிகம் என்பதையும் அந்தக் கையேட்டிலிருந்தே தெரிந்துகொண்டேன்.

கையேட்டின் பதினோராம் நாளில் ஒரு வரி இருந்தது. அந்த வரிக்கும் எனக்கும் நடந்த விவகாரத்தைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் இந்தக் கப்பல் என்பது என்ன, எப்படி இயங்குகிறது, அதில் இருந்துகொண்டு பார்க்கிறவர் எதைப் பார்க்கிறார், எது அவர் பார்வையிலிருந்து விலக்கப்படுகிறது என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கிறது. பயணம் போகப் பணமில்லாதவனின் பொருமல் என்று யாராவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். கப்பலை நான் பார்க்கவில்லை, பிரதியை வாசித்திருக்கிறேன். அந்தப் பிரதி கப்பலைவிடப் பழையது.

2

முதலில் கப்பல். கடலில் போகும் உல்லாசக் கப்பல்களைப் போல இது பத்து மாடிக் கட்டடம் அல்ல. நீளம் சுமார் 135 மீட்டர், அகலம் 11.4 மீட்டர். இந்த அளவை நிர்ணயித்தது அழகியல் அல்ல, மதகு. ரைனின் கிளையாறான மைன் நதியையும் டான்யூபையும் இணைக்கும் கால்வாயில் நீர்மட்டத்தை ஏற்றி இறக்கும் மதகுத் தொட்டிகளின் அகலம் 12 மீட்டர். இரண்டு பக்கமும் ஒரு சாண் இடைவெளியில் கப்பல் உள்ளே நுழையும். பின்கதவு மூடும். தண்ணீர் நிரம்பும். கப்பல் மேலே எழும். முன்கதவு திறக்கும். பாம்பெர்க் முதல் கெல்ஹைம் வரை 171 கிலோமீட்டரில் இப்படி 16 மதகுகள். கால்வாயின் உச்சி கடல் மட்டத்திலிருந்து 406 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதாவது கப்பல் மலையேறி இறங்குகிறது. தாழ்வான பாலங்கள் வரும்போது மாலுமியின் அறையே கீழே இறங்கிக்கொள்ளும். மேல்தளத்தில் வெயில் காய்கிறவர்களைக் கீழே அனுப்பிவிடுவார்கள்.

இந்த இரண்டு நதிகளையும் இணைக்கும் ஆசை பழையது. சார்லமேன் மன்னன் 793இல் தோண்டிப் பார்த்தான். பவேரிய மன்னன் முதலாம் லுட்விக் 1846இல் நூறு மதகுகள் வைத்து ஒரு கால்வாயைத் திறந்தான். ரயில் வந்து அதைத் தின்றுவிட்டது. இன்றைய கால்வாய் திறக்கப்பட்டது 1992 செப்டம்பரில். ஆல்ட்முல் பள்ளத்தாக்கை அது அழிக்கிறது என்று சூழலியலாளர்கள் எதிர்த்த திட்டம் அது. சரக்குப் போக்குவரத்துக்காகக் கட்டினார்கள். சரக்கு எதிர்பார்த்த அளவு வரவில்லை. வந்தவர்கள் பார்வையாளர்கள். 1989இல் கிழக்கு ஐரோப்பிய ஆட்சிகள் விழுந்ததும், மூன்றாண்டு கழித்துக் கால்வாய் திறந்ததும் சேர்ந்துதான் வட கடலிலிருந்து கருங்கடல் வரை ஒரே கப்பல் போகக்கூடிய தண்ணீர்ச் சாலையை உண்டாக்கின. நிலவியல் தந்த வழி அல்ல இது. அரசியலும் கான்கிரீட்டும் தந்த வழி.

கப்பலுக்குள் மூன்று தளங்கள். சுமார் 190 பயணிகள், 50 பணியாளர்கள். மேலே போகப் போக ஜன்னல் பெரிதாகும், கட்டணமும் பெரிதாகும். கடைசித் தளத்தில் பாதி நீருக்குள் இருக்கும் அறைக்கு உயரத்தில் ஒரு சின்ன ஜன்னல்; மேல்தளத்தில் 'பிரெஞ்சு பால்கனி'. இதன் பொருள், திறக்கக்கூடிய கண்ணாடிக் கதவு, அதன் முன்னால் ஒரு கம்பி. கால் வைக்க இடம் கிடையாது. ஆக, விற்கப்படுவது அறை அல்ல, ஜன்னல். பார்வை இங்கே சதுர அடிக் கணக்கில் விலைபோகும் பண்டம். பணியாளர்களில் பலர் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் தென்கிழக்கு ஆசியாவிலிருந்தும் வருகிறவர்கள். பல கப்பல்கள் கடலே இல்லாத சுவிட்சர்லாந்தின் கொடியைக் கட்டிக்கொண்டு போகின்றன. ஃபூக்கோ 1967இல் நிகழ்த்திய உரை ஒன்றில், எந்த இடத்துக்கும் சொந்தமில்லாத இடமாகக் கப்பலைப் பேசினார். வேறு வெளிகள் என்று அவர் சொன்னவற்றுள் அதற்கே முதலிடம் கொடுத்தார். அவர் மனதில் இருந்தது கடலோடியின் கனவு. இந்தக் கப்பலுக்கும் இடமில்லை, ஆனால் கனவு அச்சிடப்பட்ட நிகழ்ச்சி நிரலாக தினமும் சாயங்காலம் அறைக்கு வந்துவிடுகிறது.

3

இனிப் பிரதி. சுற்றுலாக் கையேடுகளைப் பற்றி ரோலன் பார்த் 1957இல் வெளிவந்த 'தொன்மங்கள்' நூலில் ஒரு சிறு கட்டுரை எழுதியிருக்கிறார். மலையும் மாதா கோயிலும் மட்டுமே நாடாகிவிடுவதையும், அங்கே வாழும் மனிதர்கள் வெறும் மாதிரி உருவங்களாகச் சுருங்கிவிடுவதையும் அதில் காட்டுகிறார். 1990இல் ஜான் உர்ரி 'சுற்றுலாப் பார்வை' என்ற நூலில், சுற்றுலாக்காரரின் கண் இயற்கையானதல்ல, சமூகத்தால் பயிற்றுவிக்கப்பட்டது என்று விரிவாக நிறுவினார். இதெல்லாம் சரி. ஆனால் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தபோது எனக்குக் கைகொடுத்தது பார்த் அல்ல, பவணந்தி.

நன்னூல் தகுதி வழக்கை மூன்றாகப் பிரிக்கிறது: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. அவையில் சொல்லக் கூசுவதை மறைத்துச் சொல்வது முதலாவது. அமங்கலத்தை மங்கலமாகச் சொல்வது, அதாவது செத்தார் என்பதை இறைவனடி சேர்ந்தார் என்பது, இரண்டாவது. ஒரு தொழில் கூட்டத்தார் தமக்குள் புழங்கும் சொல் மூன்றாவது. எம்.ஏ. பரீட்சைக்கு மனப்பாடம் செய்த இந்தச் சூத்திரம் சுற்றுலாச் சொல்லாடலின் இலக்கணமாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. கையேட்டின் எல்லா வாக்கியங்களையும் இந்த மூன்றில் அடக்கிவிடலாம். உழைப்பும் கழிவும் இடக்கரடக்கல். சாவும் தோல்வியும் மங்கலம். 'காலம் உறைந்த நகரம்', 'ஒளிந்திருக்கும் முத்து' என்பவை குழூஉக்குறி.

ரைனின் நடுப்பகுதியை எடுத்துக்கொள்வோம். பிங்கன் முதல் கோப்ளென்ஸ் வரை சுமார் 65 கிலோமீட்டர், இரு கரையிலும் சுமார் நாற்பது கோட்டைகள். 2002இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. கப்பல் இந்தப் பகுதியைப் பகலில்தான் கடக்கும். தொழிற்சாலைகள் நிற்கும் கரைகளை முடிந்தவரை இரவில் கடந்துவிடும். இதுவே முதல் தணிக்கை. கத்திரிக்கோல் தேவையில்லை, இருட்டு போதும். சரி, அந்தக் கோட்டைகள் என்ன? அவற்றுள் பல, மங்கலத்தை நீக்கிச் சொன்னால், சுங்கச்சாவடிகள். காவுப் அருகே நடு ஆற்றில் கப்பல் வடிவில் நிற்கும் கோட்டை 1327இல் சுங்கம் பிடுங்கவே கட்டத் தொடங்கியது. 1689இல் பதினான்காம் லூயியின் படைகள் வந்து இந்தக் கரையின் பல கோட்டைகளைத் தகர்த்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரஷ்ய அரச குடும்பத்தினர் இடிபாடுகளை வாங்கி, தங்கள் கற்பனையிலிருந்த இடைக்காலத்தைக் கட்டிக்கொண்டார்கள். ரைன்ஸ்டைன் கோட்டை 1820களில் அப்படி எழுந்தது. ஸ்டோல்ட்சென்ஃபெல்ஸ் 1842இல் முடிந்தது. பயணி பார்ப்பது இடைக்காலத்தை அல்ல, இடைக்காலம் பற்றிய பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புனைவை. நதிகூட அப்படித்தான். மேல் ரைனை 1817 முதல் 1876 வரை துல்லா என்ற பொறியாளரின் திட்டப்படி வெட்டி நேராக்கி, சுமார் 80 கிலோமீட்டர் நீளத்தைக் குறைத்தார்கள். 'மாறாத நதி' என்று நான் மொழிபெயர்த்தது இதைத்தான்.

லோரலை பாறை வரும்போது ஒலிபெருக்கியில் ஒரு பாட்டுப் போடுவார்கள். பாட்டின் சொற்கள் 1824இல் ஹைனரிஷ் ஹைனே எழுதியவை. மெட்டு 1837இல் சில்ஷர் போட்டது. ஹைனே யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1835இல் ஜெர்மானியக் கூட்டவை அவர் எழுத்தைத் தடை செய்தது. 1856இல் பாரிஸில் செத்துப்போனார். 1933இல் அவர் நூல்களை எரித்தார்கள். அதே கப்பல் சில நாள் கழித்து ரேகன்ஸ்பர்க் அருகே போகும்போது, குன்றின் மேல் கிரேக்கக் கோயில் போல ஒரு வெள்ளை மண்டபம் தெரியும். வால்ஹல்லா. ஜெர்மன் மொழிப் பெருமக்களின் மார்பளவுச் சிலைகளை வைக்க முதலாம் லுட்விக் 1842இல் திறந்தது. ஹைனே அதை எள்ளி நகையாடியவர். அவர் சிலைக்கு அங்கே இடம் கிடைத்தது 2010இல், 168 வருடம் கழித்து. பாட்டுக்குக் கப்பலில் இடம் உண்டு, பாடியவனுக்கு மண்டபத்தில் இடம் இல்லை என்றிருந்த இந்த இடைவெளி கையேட்டில் எங்கும் வராது. வந்தால் பாட்டை ரசிக்க முடியாது.

4

இந்த நதிக்கரையில் தமிழர்களும் இருக்கிறார்கள். ரைன் பயணங்கள் பல தொடங்குவதும் முடிவதும் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில். எண்பதுகளின் நடுவில் ஈழத்திலிருந்து அகதியாகப் போய் அங்கேயே இருந்துவிட்ட ஒருவரோடு எனக்குப் பல வருடப் பழக்கம். சிறுபத்திரிகை வழியாக வந்த பழக்கம்தான். சமையலறைகளில் வேலை பார்த்து இப்போது ஓய்வில் இருக்கிறார். கையேட்டு விஷயத்தைத் தொலைபேசியில் சொன்னபோது சிரித்தார்.

"தம்பி, உந்தக் கப்பலுகளை நான் கன வருசமாப் பாக்கிறன். ஒருநாளும் ஏறேல்லை. ஏறுறதுக்கு முதல் நாள் அவை எங்கட ஹோட்டலிலதான் தங்குவினம். அவையின்ர கோப்பையளை நான் கழுவியிருக்கிறன். அதுவும் ஒரு தொடர்புதானே."

"அண்ணன், ரைன் என்றால் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்?" என்று கேட்டேன். ஏதோ பாலம், ஏதோ சாயங்காலம் என்று சொல்வார் என எதிர்பார்த்தேன்.

"மணம்" என்றார். "கூழ்முட்டை மணம்."

1986 நவம்பர் 1. பாசலுக்கு அருகே ஷ்வைட்சர்ஹாலேயில் சாண்டோஸ் கம்பெனியின் ரசாயனக் கிடங்கு அதிகாலையில் தீப்பிடித்தது. பூச்சிமருந்தும் பாதரசச் சேர்மங்களும் தீயணைத்த தண்ணீரோடு கலந்து ரைனில் இறங்கின. நதி சிவப்பாக ஓடியது. விலாங்கு மீன்கள் பல்லாயிரக்கணக்கில் செத்து மிதந்தன. நகரத்தில் சைரன் ஒலித்தது, ஜன்னலைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருக்கச் சொன்னார்கள். "அறிவிப்பு எல்லாம் அவையின்ர பாஷையில. எங்களுக்கு ஒண்டும் விளங்கேல்லை. சைரன் எண்டால் எங்களுக்கு என்ன நினைவு வரும்? கட்டிலுக்குக் கீழ போய்ப் படுத்திட்டம்."

ஒரே நதி, ஒரே ஜன்னல். ஒருவருக்கு அது கட்டணம் கூடக்கூடப் பெரிதாகும் பார்வை. இன்னொருவருக்கு இறுக்கிச் சாத்த வேண்டிய பலகை. அந்தத் தீக்குப் பிறகு பாசல் தெருக்களில் மக்கள் திரண்டார்கள். 1987இல் நதிக்கரை நாடுகள் ரைனுக்கான செயல்திட்டம் ஒன்றை ஏற்றன. சால்மன் மீன் மறுபடி ஏறி வரும் நதியாக அதை ஆக்குவது நோக்கம். இன்று கப்பலின் மேல்தளத்திலிருந்து பயணி பார்க்கும் தெளிந்த நீர் அந்தக் கோபத்தின் விளைவு. கையேடு அதை இயற்கையின் கொடை என்கிறது.

5

டான்யூபிலும் இதே கதைதான். புடாபெஸ்டுக்குச் சற்று முன் நதி மலைகளுக்கிடையே சட்டென்று தெற்கே திரும்பும். 'டான்யூப் வளைவு'. கையேட்டில் அதற்கு முழுப்பக்க வண்ணப்படம். அந்த இடத்தில், நாகிமாரோஷ் என்ற ஊரில், அணை ஒன்று இருந்திருக்க வேண்டும். 1977இல் ஹங்கேரியும் செக்கோஸ்லோவாக்கியாவும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி கட்டத் திட்டமிட்டது. யானோஷ் வார்கா என்ற உயிரியலாளரும் நண்பர்களும் 1984இல் 'டான்யூப் வட்டம்' என்ற இயக்கத்தைத் தொடங்கினார்கள். ஒரு கட்சி ஆட்சியில், கையெழுத்து வாங்குவதே குற்றமாகப் பார்க்கப்பட்ட காலத்தில், கையெழுத்து வாங்கினார்கள். 1988இல் பாராளுமன்றத்தின் முன் பல்லாயிரம் பேர் கூடினார்கள். 1989இல் அரசு வேலையை நிறுத்தியது. அந்த ஆட்சியே விழுந்த வருடம் அது; அணை எதிர்ப்பு அந்த வீழ்ச்சிக்கான ஒத்திகைகளில் ஒன்று. மறுபக்கம் ஸ்லோவாக்கியர்கள் 1992இல் நதியைத் திருப்பி கப்சிகோவோவில் தங்கள் பங்கைக் கட்டி முடித்தார்கள். 1997இல் ஹேக் சர்வதேச நீதிமன்றம் இரு தரப்புமே ஒப்பந்தத்தை மீறியதாகச் சொன்னது. கப்பல் கப்சிகோவோ மதகில் இறங்கி, கட்டப்படாத நாகிமாரோஷைக் கடந்து போகிறது. கட்டியது, கட்டவிடாமல் தடுத்தது இரண்டும் ஒரே நாள் பயணத்தில் அடுத்தடுத்து வருகின்றன. படத்தில் இருப்பது வெறும் வளைவு.

கடைசி இரவு புடாபெஸ்ட். விளக்கு ஒளியில் பாராளுமன்றம். 'மறக்க முடியாத இரவு.' பாராளுமன்றத்துக்குத் தெற்கே கரை விளிம்பில் அறுபது ஜோடி இரும்புச் செருப்புகள் இருக்கின்றன. ஆணுடையவை, பெண்ணுடையவை, குழந்தையுடையவை. 1944-45 குளிர்காலத்தில் அம்புச்சிலுவைக் கட்சிக்காரர்கள் யூதர்களைக் கரையில் நிறுத்தி, செருப்பைக் கழற்றச் சொல்லி, சுட்டு ஆற்றில் தள்ளினார்கள். செருப்புக்கு விலை இருந்தது. ஜான் டோகாய் என்ற திரைப்பட இயக்குநரும் சிற்பி ஜூலா பாவரும் சேர்ந்து 2005இல் வைத்த நினைவுச் சின்னம் அது. நான் மொழிபெயர்த்த கையேட்டின் கடைசி இரவில் அந்தச் செருப்புகள் இல்லை.

அதே நீர்ப்பரப்பில் 2019 மே 29 இரவு, மழையில், மார்கிட் பாலத்தின் அடியில் 135 மீட்டர் நீளமுள்ள ஆற்றுச் சொகுசுக் கப்பல் ஒன்று 27 மீட்டர் படகு ஒன்றின்மேல் மோதியது. படகு சில நொடிகளில் மூழ்கியது. இருந்தவர்கள் 35 பேர். 33 பேர் தென்கொரியர்கள், இருவர் ஹங்கேரியப் படகோட்டிகள். பிழைத்தவர்கள் ஏழு பேர். இரண்டு கலங்களிலும் இருந்தவர்கள் அதே ஒளியூட்டிய பாராளுமன்றத்தைப் பார்க்க வந்தவர்கள்தான். பார்வையாளர்களுக்குள்ளும் படிநிலை உண்டு. விபத்தில்கூட அது டன் கணக்கில் வேலை செய்கிறது.

6

இப்படி எழுதிக்கொண்டே போனால் சுற்றுலாக்காரரைத் திட்டுவது சுலபமான காரியமாகிவிடும். நம் பக்கங்களில் அந்தச் சுலபம் அடிக்கடி நடக்கிறது. நியாயமான மறுப்பு ஒன்று இருக்கிறது. டீன் மெக்கானெல் 1976இல் எழுதிய 'சுற்றுலாப் பயணி' நூலில், சுற்றுலாக்காரரைக் கேலி செய்வதே சுற்றுலாவின் ஒரு பகுதி என்கிற மாதிரி ஒரு வாதம் உண்டு: ஒவ்வொருவரும் தான் மட்டும் அசலைத் தேடுவதாகவும் மற்றவர் போலியில் மயங்குவதாகவும் நினைக்கிறோம். அது எனக்கும் பொருந்தும். கப்பலில் போகிற யாரோ ஒரு பாட்டி அந்தச் செருப்புகளின் முன் என்னைவிட நேர்மையாக நிற்கக்கூடும். அவள் தாத்தா அங்கே செருப்பைக் கழற்றியவராகவும் இருக்கலாம். கையேட்டை வைத்துப் பயணியைத் தீர்மானிக்க முடியாது. ஆனால் கையேட்டை எழுதியவனைத் தீர்மானிக்கலாம். தமிழில் எழுதியவன் நான்.

இப்போது பதினோராம் நாள். லின்ட்ஸ் நகரத்திலிருந்து விருப்பப்பட்டவர்கள் மட்டும் போகும் அரைநாள் பயணம். மவுத்ஹவுசன். டான்யூப் கரையில் 1938 முதல் 1945 மே 5 வரை இருந்த வதைமுகாம். சுமார் 1,90,000 பேர் அடைக்கப்பட்டார்கள். குறைந்தது 90,000 பேர் செத்தார்கள். அங்கே கருங்கல் குவாரி ஒன்று. குவாரியிலிருந்து மேலே 186 படிகள். கைதிகள் முதுகில் கல்லைச் சுமந்து ஏறினார்கள். விழுந்தவன் பின்னால் வருகிறவர்களையும் சாய்த்துக்கொண்டு விழுந்தான். அந்தக் குவாரி வியன்னா மாநகராட்சிக்குச் சொந்தமானது. முகாம் வருவதற்கு முன்பிருந்தே வியன்னாத் தெருக்களுக்குக் கல் போன இடம். பதின்மூன்றாம் நாள் பயணிகள் நடந்து மகிழும் 'கல் பாவிய பழந்தெருக்கள்' என்ற சொற்றொடருக்கும் இந்தக் குவாரிக்கும் இடையே ஒரு கோடு போடலாம். கையேடு போடவில்லை.

ஆங்கில மூலத்தில் அந்தப் படிகளின் பெயர் உள்ளபடியே இருந்தது. 'சாவுப் படிகள்' என்று எழுதிக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து அலுவலகத்திலிருந்து அழைப்பு. பேசியவர் நல்ல மனிதர், தன்மையாகத்தான் பேசினார்.

"சார், எல்லாம் பிரமாதம். ஒரே ஒரு இடம். 'சாவு'ன்னு போட்டிருக்கீங்க. அறுபதாம் கல்யாணம் முடிச்சுட்டுப் பிள்ளைங்க அனுப்பி வைக்கிறவங்க படிக்கிற புக்கு. அபசகுனமா இருக்கு. 'வரலாற்றுப் படிகள்'னு மாத்திடலாமா?"

"இங்கிலீஷ்ல அப்படித்தானே சார் இருக்கு?"

"இங்கிலீஷ்ல படிச்சா ஒண்ணும் தெரியாது சார். தமிழ்ல படிச்சா சுருக்குனு இருக்கும்."

மொழியைப் பற்றி நான் கேட்ட நல்ல விளக்கங்களில் ஒன்று அது. தமிழில் சுருக்கென்று இருக்கும் என்பதாலேயே தமிழிலிருந்து அது நீக்கப்பட வேண்டும். மங்கலம் என்று பவணந்தி சொன்னது இழவு வீட்டின் கூச்சத்தை. துக்கத்தில் இருப்பவர்களுக்காக மற்றவர்கள் சொல்லை மெதுவாக்குவது. இங்கே மெதுவாக்கப்படுவது துக்கப்படாதவர்களின் வசதிக்காக. இலக்கணம் ஒன்றுதான், யாருக்காக என்பது மாறிவிட்டது. வால்டர் பெஞ்சமின் பண்பாட்டுச் செல்வங்களை, வென்றவர்கள் ஊர்வலத்தில் தூக்கிச் செல்லும் கொள்ளைப் பொருளாகப் பார்க்கச் சொன்னார். அதை எழுதிய 1940ஆம் ஆண்டிலேயே அகதியாக ஓடி, பிரான்ஸ் - ஸ்பெயின் எல்லையில் செத்தார். ஊர்வலத்தில் தூக்கிச் செல்கிறவர்களுக்குக் கூலி உண்டு. சொல்லுக்கு ஒரு ரூபாய்.

தொலைபேசியில் நான் என்ன சொன்னேன்? "சரி சார், மாத்திக்குங்க" என்றேன். பணம் அந்த வாரமே வந்தது. வீட்டு வாடகைக்குப் போனது. கையேடு வழவழத் தாளில் வந்திருக்கிறது. பதினோராம் நாள், விருப்பப்பட்டவர்களுக்கு, 'வரலாற்றுப் படிகள்'.

அந்த இடத்தைத் திருத்திக்கொள்ளவே இதை எழுதினேன். கையேடு கையில் கிடைப்பவர்கள் பேனாவால் அடித்துவிட்டு இப்படி வாசிக்கவும்: சாவுப் படிகள், 186.